லேசான சாரல்தான்

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர் எவரும் போனில் வானிலையைப் பற்றி உண்மை சொல்லி நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சொல்லப்போனால் அவரிடமிருந்துதான் தொடங்குகிறேன்.

இதில் ஒரு முறை உண்டு. பாறை காய்ந்து, அருவி இருந்த இடம் தெரியாமல் கிடக்கும் நாளில் மதுரையிலிருந்து யாராவது போன் போட்டு, "தண்ணி விழுதா?" என்று கேட்டால், "சூப்பரா விழுது சார், குடும்பத்தோட வாங்க" என்பார்கள். மெயின் அருவியில் குளிக்கிற இடத்துக்கு மேலே ஒரு ஆர்ச் கட்டியிருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டி வந்து விழுந்தால் குளிக்கத் தடை. அப்படி வெள்ளம் வந்து, போலீஸ்காரர் மைக்கில் தொண்டை கிழியக் கத்தி, கயிறு கட்டி மறித்திருக்கும் நாளில் யாராவது பயந்துபோய்க் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், லேசான சாரல்தான்" என்பார்கள். காய்ந்தாலும் பெய்தாலும் எங்கள் ஊரில் போனுக்கு ஒரே வானிலைதான். நம்பி வந்து இறங்கியவர் முறைத்தால், "காலையில வரைக்கும் நல்லா இருந்துச்சு சார், இப்பத்தான் இப்படி" என்று வானத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு அறைச் சாவியை நீட்டுவார்கள்.

இதைப் பொய் என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. தொழிலோடு வந்த பேச்சு. கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஒருமுறை போனை எடுத்து, "அருவியில தண்ணி நின்னுபோச்சுங்க, அடுத்த வாரம் பாத்து வாங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றோடு போன் எடுக்கிற உரிமை எனக்குப் போயிற்று. படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போடும் உரிமை வந்து சேர்ந்தது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் விரிப்பு காயவைப்பது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஊரே சாரலை நினைத்து உருகிக்கொண்டிருக்கும்போது நான் ஒருத்தி மட்டும் மொட்டைமாடியில் நின்று வெயிலுக்கு ஏங்குவேன். ஈரம் போகாத விரிப்பில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "குளுகுளுன்னு இருக்கே, ஏசி ரூமா?" என்று கேட்ட புண்ணியவானும் உண்டு. வீட்டுக்காரர் கூசாமல் ஆமாம் என்றார்.

அவர் கும்பிடுவது இரண்டு பேரை. ஒருவர் குற்றாலநாதர். இன்னொருவர் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். வைகாசி பிறந்ததிலிருந்து டிவியில் வானிலைச் செய்தி வந்தால் சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும். "மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் கனமழைக்கு வாய்ப்பு" என்பது வரைக்கும் முன்னால் குனிந்து கேட்பார். அடுத்து வருகிற வரி எப்போதும் ஒன்றுதான். சூறைக்காற்று வீசும், மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம். 'மீனவர்கள்' என்ற சொல் காதில் விழுந்ததும் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றிவிடுவார். அந்த வரி அவருக்கு எழுதப்பட்டதில்லை. எங்கள் தெருவில் யாருக்குமே எழுதப்பட்டதில்லை.

போதாதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் லாட்ஜ்காரர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இரண்டு பேர், மங்குஸ்தான் வியாபாரி ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார்கள். கடலின்மேல் சிவப்பாக ஒரு சுழி வரைந்த படத்தை யாராவது போடுவார்கள். போட்டதும் திருவிழாதான். "வந்துட்டான்யா நம்ம ஆளு" என்று ஒருவர். கும்பிடுகிற கை பொம்மை போடுவார் இன்னொருவர். வாத்தியார் மட்டும் நிதானமாக, "இன்னும் சற்று வலுப்பெற வேண்டும், பிரார்த்திப்போம்" என்று பிழையில்லாத தமிழில் எழுதுவார். அந்தச் சிவப்புச் சுழிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது, அந்தத் தண்ணீரில் படகு கிடக்கலாம், படகில் ஆள் இருக்கலாம் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றாது. என் தம்பி கடலுக்குப் போகும்வரை எனக்கும் தோன்றியதில்லை.

நாங்கள் அச்சன்புதூர்ப் பக்கம், நெல் போட்ட குடும்பம். தம்பி ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தான். ஊரில் டிராக்டர் பழுது பார்க்கிற கடை வைப்பான், வாசலில் நாலு டிராக்டர் நிற்கும் என்று அப்பா மனக்கோட்டை கட்டியிருந்தார். அவன் செங்கோட்டையில் ரயிலேறி, மலையைக் குடைந்த வழியாக அந்தப் பக்கம் இறங்கி, கொல்லத்துப் பக்கம் ஒரு துறைமுகத்தில் மீன்பிடிப் படகில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். படகை ஓட்டுகிறவரை அங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு டிரைவர் என்று பேர். அது என் தம்பி. "டிரைவர் நீன்னா அப்ப ஓட்டுதவன் யாரு?" என்று அப்பா கேட்டார். அவன் எத்தனை முறை விளக்கியும் அவருக்கு அது பிடிபடவில்லை.

கடல் என்றால் எங்கள் வீட்டில் திருச்செந்தூர்தான். வருஷத்துக்கு ஒருதரம் போய், பிள்ளைகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்கு மேல் நனையாமல் திரும்பி, நாழிக்கிணற்றில் உப்பைக் கழுவிவிட்டு வருகிற இடம். அதற்குள் போய் ராத்தங்கி வருகிறவன் ஒருத்தன் எங்கள் வீட்டில் முளைப்பான் என்று யார் கண்டது.

ஆனி, ஆடியில் அந்தப் பக்கத்துப் பெரிய படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். சரியாக எங்கள் சீசன் நேரம். அவன் ஊருக்கு வந்து அப்பாவோடு வயலில் இறங்குவான். நடவு முடிந்ததும் இங்கே வந்து லாட்ஜ் மோட்டார், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டித் தருவான். அத்தானுக்கு மச்சினன்மேல் அந்த இரண்டு மாதம் மட்டும் பாசம் பொங்கும்.

ஒருநாள் மொட்டைமாடியில் நான் விரிப்புப் பிழிந்துகொண்டிருக்கும்போது, மழையில் பயமாக இருக்காதா என்று அவனிடம் கேட்டேன்.

"மழைக்கு எவனும் பயப்படமாட்டான்க்கா. நனைவோம், அவ்வளவுதான். காத்துதான் ஆளை அடிக்கும். காத்து கூடுனா அலை கூடும். அலைக்கு நேரா மூக்கைக் காட்டிக்கிட்டு நின்னா படகு தாங்கிரும். குறுக்க வாங்குச்சுன்னா கவுந்துரும். மூக்கைத் திருப்பி வைக்கணும்னா இன்ஜின் ஓடணும்."

"இன்ஜினைப் பாக்குதது யாரு?"

"நாந்தான்" என்று சிரித்தான். "அதைவிட மோசம் அழிமுகம். ஆறு கடல்ல போய்ச் சேருற வாய் இருக்குல்ல, அதைத்தான் அங்கன அப்படிச் சொல்லுதாவ. துறைமுகத்துக்குள்ள வரணும்னா அது வழியாத்தான் வரணும். வெளிய இருக்கிற அலை பூரா அங்கன வந்துதான் உடையும். நடுக்கடல்ல தப்பிச்சவன் வாசல்ல வந்து கவுந்துருக்கான்."

கையில் பிழிந்துகொண்டிருந்த விரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இந்தத் தடவை காத்து நல்லா இருக்கும்னு சொல்லுதாவ மாப்ளே. சீசன் பிச்சுக்கிட்டுப் போகும்." அவரைக் கட்டிக்கொண்டு வந்தது என் தலையெழுத்து. வேறு என்ன சொல்ல.

மேற்கே கடலில் கிளம்புகிற காற்றுதான் மலையில் வந்து மோதி எங்களுக்குச் சாரலாகிறது. அதனால் தம்பி கடலுக்குக் கிளம்பும் முன் எனக்கு ஒரு போன் போடுவான். "யக்கா, மலை எப்படி இருக்கு?" நான் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துச் சொல்வேன். மேகம் மலை உச்சியில் இருக்கிறதா, இடுப்புவரை இறங்கிவிட்டதா. அருவி வெள்ளையாக விழுகிறதா, செம்மண் நிறத்தில் விழுகிறதா. ஆர்ச்சுக்கு உள்ளேயா, வெளியேயா. அவன் இதைப் படகில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அதன்பின் ஸ்ராங்கும் மற்றவர்களும் ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, குற்றாலத்தில் கேட்டாயிற்றா என்று கேட்பார்களாம். 'மலை ரிப்போர்ட்' என்று அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள்.

அரசாங்கம் எச்சரிக்கை அனுப்பாமல் இல்லை. ஆனால் மழைக்காலம் முழுக்க அன்றாடம் வருகிற எச்சரிக்கையை யார் மதிக்கிறார்கள். பல நாள் எச்சரிக்கை வந்து, கடல் சும்மா கிடந்து, கரையில் நின்றவன் ஏமாளி ஆகியிருக்கிறான். அதனால் செயற்கைக்கோளைவிட, ஈர விரிப்போடு மொட்டைமாடியில் நிற்கிற எனக்கு மதிப்புக் கூடிப்போயிற்று. எனக்கும் உள்ளூர ஒரு கர்வம்தான். தம்பி அத்தோடு நிற்காமல், சீசனுக்குக் குடும்பத்தோடு வந்து தங்குங்கள் என்று படகு ஓனரிடம் எங்கள் லாட்ஜ் அட்டையையும் கொடுத்து வைத்திருந்தான். அட்டையில் வீட்டுக்காரர் நம்பர்.

அந்த வருஷம் தடை முடிந்து படகுகள் முதன்முதலாகக் கடலுக்குப் போகிற நாள். முந்தின நாளே இங்கே வானம் பிய்த்துக்கொண்டது. மலை கண்ணுக்கே தெரியவில்லை. அருவி ஆர்ச்சை மூடிக்கொண்டு, கட்டையும் கல்லுமாக அடித்துக்கொண்டு வந்தது. "யாரும் அருவிப் பக்கம் போகாதீங்க, தயவுசெஞ்சு போகாதீங்க" என்று போலீஸ் மைக் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்கள் லாட்ஜ் வாசலுக்கு நன்றாகக் கேட்கும். தங்கியிருந்தவர்கள் அறையில் அடைந்து கிடந்து டீ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வரவேண்டியவர்கள் டிவியைப் பார்த்துவிட்டுப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் வாசல் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அதே பதிலை, அலுக்காமல், தேன் தடவிச் சொல்லிக்கொண்டிருந்தார். "டிவிக்காரன் பழைய வீடியோவைப் போடுதான் சார். இங்கன லேசான சாரல்தான்." பின்னால் மைக் அலறுகிறது. "அதுவா, அது பக்கத்துல கோயில் கொடை விழா சார்."

நான் வாளியோடு கீழே வந்தபோது ஒரு போனில் செங்கோட்டைச் சந்தையில் பொறுக்கிய தன் மலையாளத்தை எடுத்து விட்டுக்கொண்டிருந்தார். "ஒரு கொழப்பமும் இல்ல சாரே. லேசாயிட்டு சாரல் மாத்ரம். நல்ல கிளைமேட்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பெருமையாக, "கேரளா பார்ட்டி. பெரிய ஆளு போல, குரல்லயே கனம் தெரியுது" என்றார். இது நாள் முழுக்க நடக்கிற கூத்து. நான் காது கொடுக்காமல் மாடிக்குப் போய், காற்று பிய்த்த தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

என் போன் அடுப்படி அலமாரியில் சார்ஜில் கிடந்தது. கை துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தால் தம்பியின் அழைப்புகள் தவறிப்போயிருந்தன. அப்புறம் ஒரு குரல் செய்தி. பின்னால் இன்ஜின் உறுமுகிற சத்தம்.

"யக்கா, நீ போன் எடுக்கல. பரவால்ல. ஓனரே லாட்ஜுக்குப் போட்டு அத்தான்கிட்ட கேட்டுட்டாரு. லேசான சாரல்தான்னு சொல்லிட்டாவ. கிளம்புதோம். வந்து பேசுதேன்."

உடனே போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். வாசலுக்குப் போனேன்.

"அந்தக் கேரளா பார்ட்டி யாருன்னு கேட்டீயளா?"

"பார்ட்டிகிட்ட யாருன்னா கேப்பாவ? எத்தனை பேரு, எத்தனை ரூம்னுதான் கேக்கணும்."

"அதையாவது கேட்டீயளா?"

"கேட்டேன். சிரிச்சிட்டு வச்சிட்டாரு."

நான் செய்தியைப் போட்டுக் காண்பித்தேன். முகம் செத்துப்போயிற்று. மேசைமேல் இருந்த சாவிகளை எடுத்து எடுத்து வைத்தார். 

"நான் சாரலைத்தானட்டி சொன்னேன். கடலைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னனா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிந்திருப்பேன். தங்கியிருந்த ஒருத்தர் அந்த நேரம் பார்த்து டீ கேட்க வந்து நின்றார். டீ போட்டுக் கொடுத்தேன். பாதி சாஸரில் போயிற்று.

துறைமுகத்தில் தம்பிக்குத் தெரிந்த ஐஸ் கம்பெனி ஆள் ஒருவரின் நம்பர் என்னிடம் இருந்தது. அவர் எடுத்தார். காற்று ரொம்பக் கூடியிருக்கிறது, வெளியே போனதில் பல படகுகள் திரும்பிவிட்டன, உங்கள் தம்பி போன படகு வயர்லெஸ்ஸில் கிடைக்கவில்லை என்றார். அழிமுகத்தில் அலை சுவர் எழுப்பி நிற்கிறது, இனிமேல் வந்தாலும் உள்ளே நுழைய முடியாது என்றும் சொன்னார். பாவம், அவருக்கு லாட்ஜ் தொழில் தெரியாது. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார்.

சாயங்காலம் டிவியில் வானிலைச் செய்தி வந்தது. கனமழை என்றார்கள். வீட்டுக்காரர் கையில் ரிமோட் இருந்தது. "மீனவர்கள்" என்று ஆரம்பித்தபோது கை அசையவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல்தடவையாக அந்த வரியை அவர் முழுக்கக் கேட்டார். அவர் சட்டைப் பையில் வாட்ஸ்அப் குழு கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். அருவி வெள்ளத்தை வளைத்து வளைத்து வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். "அடிச்சது யோகம்" என்று மங்குஸ்தான் வியாபாரி. "பிரார்த்தனை வீண்போகவில்லை" என்று வாத்தியார். நான் அந்தக் குழுவிலிருந்து வீட்டுக்காரரை வெளியேற்றினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்பா போன் போட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். குளத்துக்குத் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டதாம், இனி கார் நெல்லுக்குக் கவலை இல்லையாம்.

"தம்பி கடலுக்குப் போயிட்டானாம்மா? அங்கன காத்து கீத்து ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணுமில்லப்பா. லேசான காத்துதான்."

என் வாயிலிருந்துதான் வந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். இத்தனை வருஷம் இந்த வீட்டில் சோறு தின்றதற்கு எனக்கும் பேச்சு வந்துவிட்டது.

மறுநாள் பொழுது விடிந்ததும் வாசல் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். போனை என் பக்கம் அவரே தள்ளிவிட்டார். அது அடிக்கும்போதெல்லாம் தம்பியாக இருக்கும் என்று எடுப்பேன், எல்லாம் சுற்றுலாவாக இருக்கும்.

"குற்றாலத்துல கிளைமேட் எப்படிங்க?"

"ஆர்ச்சுக்கு மேல வெள்ளம் போகுது. குளிக்க விடமாட்டாவ. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வராதீங்க."

ஒருவரும் நன்றி சொல்லவில்லை. ஒரு சென்னைக்காரர் என்மேல் கோபப்பட்டார். "என்னம்மா இப்படிப் பயமுறுத்துறீங்க. மத்த லாட்ஜுல எல்லாம் லேசான சாரல்தான்னு சொல்றாங்களே?"

"அப்ப அங்கனயே போங்க."

"அவங்க எவ்வளவு மரியாதையா பேசுறாங்க தெரியுமா" என்று சொல்லிவிட்டு வைத்தார். இன்னொரு அம்மாள், உங்கள் லாட்ஜில் ஏதோ பிரச்சனை, அதனால்தான் வராதே என்கிறீர்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். உண்மையைச் சொன்னால் சந்தேகப்படுகிறார்கள். இவர்களிடம் என் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் எப்படிக் குப்பை கொட்டினார் என்று எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் விளங்கியது. விளங்கியதால் கோபம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம்.

மத்தியானம் சாப்பிடவில்லை. அவரும் சாப்பிடவில்லை. தம்பி பூட்டித் தந்த ஜெனரேட்டர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது. அது நின்றுவிடக் கூடாதே என்று எனக்கு ஒரு கிறுக்கு. இடையில் ஒருமுறை அது இருமியது. வீட்டுக்காரர் எழுந்து ஓடிப்போய் டீசல் ஊற்றினார். அவருக்கும் அதே கிறுக்குத்தான் போலிருக்கிறது.

சாயங்காலம் நான் அடுப்படிக்கு எழுந்துபோன நேரத்தில் போன் அடித்தது. அவர் எடுத்துவிட்டார். பழக்கத்தில், "வணக்கம் சார், சொல்லுங்க சார்" என்றார். பிறகு சத்தமே இல்லை. நான் ஓடிவந்தேன். உதட்டை அசைத்து "மாப்ளே" என்றார். ஸ்பீக்கரில் போட்டார்.

தம்பிதான். குரல் கட்டிப்போயிருந்தது. யாரோ ஒருவரின் போனில், தெற்கே வேறு ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான். வலையை இழுக்கும்போது கயிறு ப்ரொப்பல்லரில் சுற்றி இன்ஜின் நின்றுவிட்டதாம். படகு குறுக்கே திரும்பிக்கொண்டதாம். நங்கூரத்தையும் வலையையும் மூக்குப் பக்கமாகக் கடலில் போட்டு, அந்தக் கனத்தில் படகைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, இவன் இன்ஜின் குழிக்குள் மார்பளவு தண்ணீரில் நின்று இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். விடிந்த பிறகு வேறொரு படகு கண்ணில் பட்டு, கயிறு வீசி இழுத்துவந்திருக்கிறது. அந்தக் கயிறு மாட்டும்போது இடதுகையில் விரல் சிக்கிக்கொண்டதாம். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னான். மற்ற எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சொன்னான்.

 என் வாயிலிருந்து குற்றாலநாதா என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"அத்தான் இருக்காவளா?" என்றான் தம்பி.

"இருக்கேன் மாப்ளே."

"ஒண்ணு கேக்கணும் அத்தான். அன்னைக்கு ஓனர் போன் போட்டப்ப அங்கன எப்படி இருந்துச்சு?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அருவிப் பக்கமிருந்து மைக் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. விரல் போனவன் கேட்கிறான், பதில் சொல்ல வேண்டும். 

"அது... அந்த நேரம் லேசான சாரல்தான் மாப்ளே. பொறவுதான் கூடிச்சு."

நான் போனைப் பிடுங்கினேன். "பொய்லே. ஆர்ச்சு தெரியல. மலையே தெரியல. மைக்கு கத்திக்கிட்டு இருந்துச்சு. இந்த மனுசன் வாய் கூசாம சொன்னாரு. நான் அங்கன வாளியோட நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்."

 அந்தப் பக்கம் தம்பி சிரித்தான். சிரிப்பில் உயிரில்லை.

"தெரியும்க்கா. ஓனர் ஸ்பீக்கர்லதான் போட்டாரு. மைக் சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. அருவிப் பக்கம் போகாதீங்க, போகாதீங்கன்னு. அருவி இரையுததும் கேட்டுச்சு."

"கேட்டுமாலே போனீய?"

"ஸ்ராங்கு வேண்டாம்னுதான் சொன்னாரு. ஓனர் எல்லாரையும் பாத்து, 'கேட்டீங்கல்லா, லேசுன்னு சொல்லிட்டான்'னாரு. தடை முடிஞ்ச முத நாளு. மத்த படகெல்லாம் கிளம்பிட்டு. அவருக்கு யாராவது ஒருத்தர் வாயால அது வேண்டியிருந்துச்சு."

"நீ என்னலே சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுனேன்."

வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய் மழையில் நின்றார். தான் சொன்ன பொய்யை ஒருத்தரும் நம்பவில்லை, நம்பாமலேயே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஆறுதலா, அவமானமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

இப்போது லாட்ஜ் அட்டையில் என் நம்பர். வீட்டுக்காரரே போய் மாற்றி அடித்துக்கொண்டு வந்தார். அதன்பிறகு வந்த சீசனில் அக்கம்பக்கத்து லாட்ஜ் எல்லாம் நிரம்பி வழிந்தது. எங்கள் விரிப்புகள் மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தன, விரித்துப் படுக்க ஆள் வராததால். வெள்ளம் என்றால் வெள்ளம் என்கிறேன். காய்ந்தால் காய்ந்தது என்கிறேன். அதையும் மீறி வந்து தங்குகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். தண்ணீர் இல்லை என்று தெரிந்தே வந்துவிட்டு, தண்ணீர் இல்லை என்று குறை சொல்கிறார்கள்.

தம்பி ஊருக்கு வந்தால் மோட்டாரை இப்போதும் பிரித்துப் பூட்டுகிறான், இடதுகையில் மிச்சமிருக்கிற விரலால் நட்டைப் பிடித்துக்கொண்டு. டிராக்டர் கடை வைத்துத் தருகிறேன் என்று அப்பா எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டார். போன தடைக்காலம் முடிந்து அவன் கிளம்புகிற அன்று நான் கேட்டேன்.

"இப்பல்லாம் ஏன்லே மலை ரிப்போர்ட் கேட்டு போனே வரமாட்டேங்கு?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னான். "ஓனர் ஐந்தருவிப் பக்கம் வேற ஒரு லாட்ஜு அட்டை வாங்கி வச்சிருக்காருக்கா. அந்த ஆளு நல்லாப் பேசுதாராம்."

அவனுக்குச் செங்கோட்டை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவன் இன்னும் அதே படகில்தான் இன்ஜின் பார்க்கிறான்.